முத்துக் கரையும் படத்தாளும்

1935ஆம் ஆண்டிலே மான் ரே என்னும் அமெரிக்கக் கலைஞர் எடுத்த நிழற்படம் ஒன்று உண்டு. பாரிஸ் நகரத்து உடையலங்கார வல்லுநராகிய கோக்கோ ஷனேல் அம்மையார் பக்கவாட்டாக நிற்கின்றார். கறுத்த உடை, தலையிலே தொப்பி, வாயிலே வெண்சுருட்டு, கைகள் இரண்டும் உடையின் பைகளுக்குள்ளே. படத்தைக் காண்பவர் கண் முதலிற் சென்று தங்குவது அவர் அணிந்திருக்கும் முத்துச் சரங்களின் மீதேயாம். கறுப்பின்மேல் வெண்மை விழுந்து கிடக்கும் அழகு அது. அம்மையார் நல்முத்தையும் போலி முத்தையும் கூசாது கலந்து அணிந்தவர். பிறரும் அவ்வாறு அணியலாம் என்று காட்டியவர். எனவே அப்படத்தில் எது கடலிற் பிறந்தது, எது பட்டறையிற் பிறந்தது என்று நாம் ஆராயப் புகுதல் வீண்.

தமிழ்ப் பண்டிதனுக்கு இப்படத்தோடு என்ன உறவு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். நான் வாழ்வது மன்னார்க் கரையிலே. முத்து என்னும் சொல்லை உலகம் எங்கெல்லாம் உச்சரித்ததோ அங்கெல்லாம் இக்கரையின் பெயரும் ஒருகாலத்தில் உடன் உச்சரிக்கப்பட்டது. உரோமாபுரி அறிஞராகிய பிளினி, முத்து மிகுதியாகக் கிடைக்கும் இடமென்று தப்ரபேன் என்னும் நம் தீவைக் குறித்திருக்கின்றார். அவரே லொல்லியா பவுலினா என்னும் சீமாட்டியை ஒரு நிச்சயதார்த்த விருந்திலே கண்ட செய்தியையும் எழுதி வைத்தார். தலை, கூந்தல், காது, கழுத்து, விரல் எங்கணும் முத்தும் மரகதமும் மாறிமாறி ஒளிவிட்டனவாம். மதிப்பு 4 கோடி செஸ்டர்ஸ் நாணயமாம். ஐயுறுவார்க்குக் காட்டுதற்கு அவ்வம்மை பற்றுச்சீட்டுகளையும் ஆயத்தமாக வைத்திருந்தாராம்! நிழற்படம் இல்லாத காலத்திலே பிளினியின் எழுதுகோலே படப்பெட்டியாயிற்று. உடுப்பைப் பார்த்து வியப்பதும், வியந்ததைப் பிறர்க்குக் காட்டுவதும், காட்டியதைக் கண்டு மற்றொருவர் ஆசைப்படுவதும் இன்று நேற்றுத் தோன்றியன அல்ல.

நவநாகரிக உடைகளைப் படம்பிடித்தல் ஒரு கலையாகத் தலையெடுத்த காலத்தைச் சொல்வோர், 1911இல் எட்வட் ஸ்ரைக்கன் என்பார் போல் புவாரே தைத்த உடைகளைப் படமெடுத்துப் பாரிஸ் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டதைக் குறிப்பர். அதற்கு முன்னும் உடைப் படங்கள் இருந்தன. ஆனால் அவை துணிக்கடைப் பட்டியல் போன்றவை. ஸ்ரைக்கனோ உடையை மட்டும் காட்டாது, உடுத்தவள் நிற்கும் அறையையும் அவ்வறையின் மங்கிய ஒளியையும் காட்டினார். 1923 முதல் ‘வோக்’ முதலிய இதழ்களுக்கு அவரே தலைமைப் படக்கலைஞர் ஆனார். அவ்விதழ்களின் பக்கங்களிலே முத்துமாலை அணியாத சீமாட்டியைக் காண்டல் அரிது.

அந்நாளில் முத்தின் விலை எத்தன்மையது என்பதற்கு ஒரு செய்தி போதும். 1917இல் நியூயோர்க் நகரத்து ஐந்தாம் பெருவீதியிலே மாளிகை ஒன்றை உடையவர், தம் மனைவியின் ஆசைக்காக அதனைக் கார்ட்டியே என்னும் நகை வணிகருக்குக் கொடுத்து, மாற்றாக இரட்டைச் சர முத்துமாலை ஒன்றைப் பெற்றார். மாலையின் மதிப்பு 10 இலட்சம் டொலர். அம்மாலையே 1957இல் ஏலத்துக்கு வந்தபோது ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் டொலருக்கே விலைபோயிற்று. மாளிகை இன்றும் கார்ட்டியேயிடமே இருக்கின்றது. யப்பான் தேசத்து மிக்கிமோட்டோ 1893இல் சிப்பிக்குள் முத்தை வளர்க்கும் வித்தையிலே வெற்றி கண்டதும், பின்னர் உருண்டை முத்துகள் சந்தையிலே குவிந்ததும் இந்த வீழ்ச்சிக்குப் பெருங் காரணங்கள்.

நிற்க. முத்தை அணிந்தவர்களைப் பற்றிப் பேசினோம்; முத்தைப் பார்த்தவர்களைப் பற்றிப் பேசினோமில்லை. பார்த்தல் என்று நான் சொல்வது வெறுமனே காண்டலை அன்று. மன்னார்க் கரையின் சலாபக் காலங்களில் முத்து வணிகர் நடத்திய தேர்வு ஒரு கண்கலை. (முத்துக் குளிப்பைச் சலாபம் என்பது நம் பக்கத்து வழக்கு, சிலாபம் என்னும் ஊர்ப்பெயரையும் இதனோடு தொடர்புபடுத்துவர்.) வணிகரிடம் பித்தளையாற் செய்த பத்துச் சல்லடைகள் இருந்தன. ‘பெட்டி’ என்பது அவற்றின் பெயர். முதற் பெட்டிக்கு 20 துளை, அடுத்ததற்கு 30, அதற்கடுத்து 50, 80, 100 என்று ஏறிக் கடைசிப் பெட்டிக்கு 1000 துளை. துளை பெருகப் பெருகக் கண் சிறுக்கும். பெரு முத்து முதற் பெட்டியிலே தங்கும்; சிறு முத்து இறங்கி இறங்கித் தனக்குரிய பெட்டியை அடையும். இது பருமன் பார்ப்பது, இயந்திரமும் செய்யும்.

அதன் பின்னரே மனிதன் கண்ணுக்கு வேலை. உருட்சியும் ஒளியும் குறைவற நிரம்பியது ஆணி. சிறிதேனும் காட்சிக்கு இனியது வடிவு. வளைந்தும் மடிந்தும் கிடப்பது மடங்கு. எஞ்சிய பொடி தூள். இவற்றுக்கிடையே இன்னும் பல படிகள் உண்டு. ஒரு முத்தை ஒரு படி ஏற்றுவதா இறக்குவதா என்பதிலே ஒரு குடும்பத்தின் ஆண்டு வருவாய் அடங்கியிருந்தது. எடையை மஞ்சாடியால் நிறுத்து, விலையைச் செவ்வு என்னும் கணக்கினால் வகுத்தனர். இவ்வகைப் பாகுபாடு நமக்குப் புதிதன்று. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகளைப் படித்தோர், வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, குளிர்ந்தநீர், சிவந்தநீர் என்று முத்தின் வகைகள் அடுக்கப்பட்டிருத்தலை அறிவர். குளிர்ந்தநீர் என்பதும் சிவந்தநீர் என்பதும் ஒளியின் சாயலைக் குறித்த பெயர்கள். ஒரு பெயரை இட்டவன் எத்துணை நேரம் அம்முத்தை விளக்கொளியிலும் பகலொளியிலும் புரட்டிப் பார்த்திருப்பான்! சிலப்பதிகாரத்து மதுரைக் கடைவீதியிலும் காற்று, மண், கல், நீர் என்னும் நான்கினால் வரும் குற்றங்கள் நீங்கிய முத்துகளே அடிகளின் கண்ணிற் படுகின்றன. நம் இலக்கியத்திலே உவமைகள் பெருகிக் கிடப்பதற்கு, நம் முன்னோர் கண்ணால் உழைத்த இந்த உழைப்பும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

முத்துப் பிறக்கும் வகை பற்றி நம் புலவர் கூறியதும் சுவையானது. மழைத்துளி சிப்பியின் வாயில் வீழ்ந்து முத்தாகும் என்றனர். 1902இல் இங்கு வந்து பார்களை ஆராய்ந்த ஹேர்ட்மன் என்னும் பிரித்தானிய விஞ்ஞானி, மழையுமன்று மணலுமன்று, ஒரு நாடாப் புழுவின் குடம்பியே முத்துக்குக் கருவாகின்றது என்றார். பின்வந்த ஆய்வாளர் அதனையும் முழுதாக ஒப்புக்கொண்டாரில்லை. புழுவைப் பாடுவதினும் மழைத்துளியைப் பாடுதல் நன்று என்று என் மாணவர் ஒருவர் சொன்னார். பரீட்சையில் அவ்வாறு எழுதாதிருந்தாற் சரி.

இனி, கடலுக்குள் இறங்கியவரைப் பார்ப்போம். அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு மேற்கே, கரையிலிருந்து பல மைல் தொலைவிலே முத்துச் சிப்பிகள் படியும் கடலடிப் பாறைத் திட்டுகள் உள்ளன. இவற்றைப் பார் என்பர்: பெரியபார், செவல்பார், மோதரகம்பார் என்று பெயர்கள். இரு பருவக் காற்றுகளுக்கும் இடையிலே கடல் அடங்கும் மாசி, பங்குனி மாதங்களில் குளிப்பு நடக்கும். குளியாளி காலிலே கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவான்; ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம் அங்கே நின்று கூடையை நிரப்புவான்; மேலே நிற்பவன் கயிற்றை இழுப்பான். கீழக்கரையாரும் தூத்துக்குடியாரும் யாழ்ப்பாணத்தாரும் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அராபியரும் ஒரே பாரிலே குளித்தனர். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் மட்டும் ஏறக்குறைய 8 கோடிச் சிப்பிகள் கரை சேர்ந்தன. அரசாங்கத்தார்க்கு 25 இலட்ச ரூபா வருவாய். மரிச்சுக்கட்டியின் வெறும் மணல்மேடு சில வாரங்களுக்கு ஒரு பட்டினமாயிற்று.

கொண்டுவந்த சிப்பிகளை மூன்று பங்காக்குவர். இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. ஒரு பங்கு குளித்தவர்க்கு. அந்த ஒரு பங்கையும் குளியாளி பெரும்பாலும் கரையிலேயே விற்றுவிடுவான். உள்ளே முத்து உண்டோ இல்லையோ அவனுக்குத் தெரியாது. பின்னர்ச் சிப்பிகளை நாட்கணக்காக அழுகவிட்டுப் புழுத்தபின் கழுவி முத்தெடுப்பர். அந்த நாற்றத்தையும் ஈக்கூட்டத்தையும் 1906இலே அங்கே பணியாற்றிய லெனாட் வுல்ப் என்னும் இளம் அதிகாரி மறக்கவில்லை. 1961இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் எழுதினார். இறந்துபோன அராபியக் குளியாளி ஒருவனைத் தோழர்கள் கரைக்குச் சுமந்து வந்த காட்சியை அவருடைய எழுத்திலே படித்தோர் முத்துமாலையை முன்போற் பார்த்தல் இயலாது. அதே அனுபவத்தின் விளைவே 1921இல் அவர் வெளியிட்ட முத்தும் பன்றியும் பற்றிய சிறுகதை.

1906இலே பார்களை ஒரு கம்பனி 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. மறு ஆண்டின் பின் பார்கள் வெறுமையாயின, கம்பனி நொடித்தது. 1925இலே மீண்டும் ஒரு பெருஞ் சலாபம் நடந்தது. அதற்குப் பின்னர் அத்தகையது இல்லை.

கடலைக் காணாமலே இக்கடலை வரைந்தவர்களும் உளர். 1863ஆம் ஆண்டு செப்ரெம்பர் 30ஆம் நாள் பாரிஸ் அரங்கொன்றில் ‘முத்துக் குளிப்போர்’ என்னும் இசைநாடகம் முதன்முதலாக மேடையேறிற்று. இசையமைத்த பிசே அப்போது 24 வயதினர். கதை நிகழுமிடம் இலங்கைக் கரை. நாடகாசிரியர் முதலிலே மெக்சிக்கோவை எண்ணிப் பின்னர் இலங்கைக்கு மாற்றினராம்! குளியாளிகளின் பெயர் நாதிர், சூர்கா. கதைத் தலைவி லெய்லா. நம் கரையில் இப்பெயர்களை எங்கு தேடுவது? ஆயினும் அந்நாடகத்தில் ஆடவர் இருவர் சேர்ந்து பாடும் பாடல் உலகெங்கும் இன்றும் விரும்பிக் கேட்கப்படுகின்றது. 2004இலே அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் அதே நாடகம் மேடையேறியபோது, ஆடைகளையும் காட்சிகளையும் அமைத்தவர் இலண்டனின் புகழ்பெற்ற உடையலங்காரக் கலைஞராகிய சண்டிரா ரோட்ஸ் அம்மையார். அவருடைய இலங்கை, இளஞ்சிவப்பும் நீலமுமாய்ப் பொங்கிய ஓர் இலங்கை. மரிச்சுக்கட்டியின் ஈக்கள் அங்கே இல்லை. அதனைப் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கண்டதை வரைதல் ஒன்று, கேட்டதைக் கொண்டு கனவு காண்டல் ஒன்று. நம் புலவருள்ளும் இமயத்தைக் காணாது பாடியவர் எத்தனைபேர்!

மறுதலையாகவும் நடந்தது. வெளிநாட்டிற் கண்ட அழகை நம் கரையிலே கொண்டுவந்து நட்டான் ஒருவன். பிரித்தானியர் நியமித்த முதல் தேசாதிபதி பிரெடெரிக் நோத் 1798 முதல் 1805 வரை இங்கே ஆண்டவர். இளமையிலே கிரேக்க நாட்டிலும் அதன் தீவுகளிலும் யாத்திரை செய்து, கிரேக்கத்தின் மேல் தீராக் காதல் கொண்டவர். கோர்பு என்னும் தீவிலே கிரேக்க வைதிக திருச்சபையிற் சேர்ந்தவர். முதுமையில் அத்தீவிலேயே 1824இல் ஒரு கலாசாலையும் தொடக்கிவைத்தார். சலாபத்தைப் பார்வையிடத் தமக்கு ஒரு மாளிகை வேண்டியபோது, அரிப்பிலே செம்மண் மேட்டின் விளிம்பில், கிரேக்கரின் டொரிக் முறையிலே தூண்கள் நிறுத்தி ஓர் இருமாடக் கட்டடம் எழுப்பினார். சலவைக்கல் இங்கேது? செங்கல்லை அடுக்கிச் சிப்பிச் சுண்ணாம்பு பூசினர். முத்தெடுத்த பின் எஞ்சிய ஓடு கிரேக்கத் தூணுக்கு மேற்பூச்சு ஆயிற்று. 1807இல் வெளிவந்த தம் நூலிலே கோடினர் பாதிரியார், இத்தீவின் கட்டடங்களுள் இதுவே மிக அழகியது என்று எழுதினார்.

நான் கற்பிக்கும் பிராசீன வகுப்பு மாணவர் பதினெழுவரை அங்கே ஒருமுறை அழைத்துச் சென்றேன். அரிப்பிலே யாரிடமும் டொரிக் என்று கேட்டாற் தெரியாது. ‘அல்லிராணி கோட்டை’ என்றாற் சிறுபிள்ளையும் வழி சொல்லும். அல்லி அரசாணியின் கதையை நம் மக்கள் அறிவர். அவள் குதிரைமலையில் இருந்து முத்துக் கரையை ஆண்டாள் என்பது கர்ணபரம்பரை. ஆங்கிலத் தேசாதிபதி கிரேக்கத்தை நினைத்துக் கட்டினான். ஊரார் அதனை அல்லிக்குக் கொடுத்துவிட்டனர்! எனக்கு இதிலே சரித்திரப் பிழையைக் காட்டிலும் ஒரு நியாயம் தென்படுகின்றது.

கட்டடத்திலே இன்று கூரை இல்லை. பிளந்த சுவர்களும் தூண்களின் எச்சமும் நிற்கின்றன. மேட்டைக் கடல் கீழிருந்து அரித்து வருகின்றது. ஒரு பகுதி முன்னமே சரிந்து அலைவாய்க்குள் போயிற்று. மாணவர் சுவரின் நிழலிலே அமர்ந்து கட்டுச்சோறு உண்டனர். பெண்ணொருத்தி மட்டும் உண்ணாது, தூணின் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரியும் இடத்தைத் தாளிலே கீறிக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன்.

முத்து மட்டுமே இக்கரையிலிருந்து பிறநாட்டார் உடம்பை அலங்கரிக்கச் சென்றதன்று. சங்கு வங்காளத்துக்குச் சென்று மணமகளிர் வளையாயிற்று. இம்பூறல் என்னும் சாயவேரை இங்கே அகழ்ந்தனர். அதன் உரிமையை ஒல்லாந்தர் தம் கைக்குள்ளே வைத்திருந்தனர். சோழமண்டலக் கரையின் பூவேலைத் துணிகளுக்கு அழியாச் சிவப்பைத் தந்தது இவ்வேரே. அத்துணியின் மோகம் ஐரோப்பாவைப் பிடித்தாட்ட, உள்நாட்டு நெசவாளர் கெடுவர் என்று அஞ்சிய பிரெஞ்சு அரசு 1686இலே அதனைத் தடைசெய்தது. 1759 வரை தடை நீடித்தது. மண்ணைக் கிளறி வேரெடுத்தவன் பெயர் எந்த உடையிலும் இல்லை.

இந்நாளில் யாத்திரையும் படமும் ஒன்றாகிவிட்டன. 1956இலே நோர்மன் பார்க்கின்சன் என்னும் ஆங்கிலப் படக்கலைஞர் ‘வோக்’ இதழுக்காக இந்தியா வந்து, ஜெய்ப்பூர் அரண்மனை முதலிய இடங்களிலே இலண்டன் அழகியரை நிறுத்திப் படமெடுத்தார். நிறம் பற்றிய அறிவுக்கு அவை இன்றும் பாடமாகத்தக்கவை. ஆயினும் அவ்வகைப் படங்கள் பலவற்றிலே ஊர்மனிதன் ஒருவன் பின்னே நிற்பான். அவன் அரண்மனைக் கதவைப் போல, ஒட்டகத்தைப் போல, ஓர் அலங்காரப் பொருளாகிவிடுவான். கொழும்பிலே வாழ்ந்து 1944இல் மறைந்த லயனல் வென்ட் வேறு வகையினர். ஐரோப்பியப் படக்கலையின் நுட்பங்களை நன்கு கற்றவர். 1938இலே இலண்டனிற் படக்கண்காட்சியும் வைத்தவர். அவருடைய படப்பெட்டி நம் மீனவன் தோளையும் வயலையும் கோயிற் கல்லையும் நாடிற்று. அவர் மறைவின் பின் 1950இல் வெளிவந்த படத்தொகுதியை மாணவர்க்குக் காட்டும்போதெல்லாம், இவர் படங்களில் எந்த மனிதரும் பின்னணியாக நிற்கவில்லை என்பதைச் சொல்லுவேன்.

மன்னார்த் தீவுக்கும் இப்போது படமெடுப்போர் வருகின்றனர். திருமணத்துக்கு முன்னரே மணமக்களை அலங்கரித்துப் பள்ளிமுனைப் பெருக்க மரத்தின் அடியிலே நிறுத்துகின்றனர். அம்மரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேலாதலால் எத்தனை பெரிய பாவாடையும் அதன் முன் சிறுத்துத் தோன்றும். தென்கரையிலே 2020இல் இயங்கத் தொடங்கிய 30 காற்றாடிகளையும், வங்காலைச் சதுப்பிலே பூநாரைகள் இறங்கும் மாதங்களையும் அவர்கள் விடுவதில்லை. கழுதைகளையும் விடுவதில்லை. நான் இதனைக் குறை சொல்லேன். ஆயினும் நீர்ப்பறவைகளுக்காக 2010 முதல் உலகப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள ஒரு சதுப்பிலே, நல்ல படத்துக்காகப் பூநாரைக் கூட்டத்தைக் கைதட்டிப் பறக்கவிட்டோரைக் கண்டு வாய்விட்டுக் கண்டித்திருக்கின்றேன்.

அரிப்பிலே உண்ணாதிருந்த பெண்ணிடம் வருகின்றேன். அவள் கடற்றொழிற் குடும்பத்தினள். தந்தையார் படகுத்துறையிலே கூலிக்குப் போகின்றவர். தாயார் பனையோலைப் பெட்டி இழைப்பவர். அத்தாயார் ஒருநாள் என் வீட்டு முற்றத்திலே வந்து நின்றார். கையிலே தடித்த அப்பியாசக் கொப்பி ஒன்று.

“ஐயா, இவள் படிக்கிறாளில்லை. வெளிநாட்டுப் படங்களை வெட்டி ஒட்டுறாள். கல்வியியற் கல்லூரிக்குப் போட்டு ரீச்சராக வாவெண்டால், மொறட்டுவைக்குப் போய் உடுப்புக் கீறப் படிக்கப் போறாளாம். நீங்கள் சொன்னாற் கேப்பாள்.”

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே உடை வடிவமைப்புக்கென ஒரு பட்டப்படிப்பு உண்டு, உளச்சார்புப் பரீட்சை ஒன்றிலும் தேறவேண்டும், படிப்பு ஆங்கிலத்திலே. செலவும் தொலைவும் அத்தாய்க்குச் சிறிய அச்சங்கள் அல்ல.

கொப்பியைத் திறந்தேன். இடப்பக்கந்தோறும் பாரிஸ், மிலான், தோக்கியோ நகரங்களின் படங்கள்: சஞ்சிகையிலே வெட்டியவை, கைப்பேசியிலிருந்து அச்சிட்டவை. ஷனேல் அம்மையாரின் படத்தை நான் முதலிலே கண்டது இக்கொப்பியிலேதான். வலப்பக்கம் அவள் தானே கீறியது. ஓரிடத்திலே வெள்ளி நிறத்துப் பட்டுடை ஒன்று. எதிரே சாவாளை மீன். அதன் முதுகோரத்து நீலம் எங்கே தொடங்கி வெள்ளியாகின்றது என்பதற்குச் சிறு குறிகள். யப்பானியர் ஒருவர் தைத்த மடிப்புடைக்கு எதிரே, விரியாத பனங்குருத்தின் மடிப்பு. நீண்ட கையுடைய சட்டைக்கு எதிரே காயப்போட்ட வலை. நான் முப்பதாண்டாக உவமையணி கற்பிக்கின்றேன். பொருளுக்கும் உவமைக்கும் இடையே பொதுத்தன்மையைக் கண்டுபிடி என்று பிள்ளைகளை வருத்துகின்றேன். இப்பெண் சொல்லில்லாமல் அதனைச் செய்திருந்தாள்.

தாயாரிடம் இதனைச் சொன்னேன். பித்தளைப் பெட்டியால் முத்தைப் பிரித்தவர்களின் கதையையும் சொன்னேன். இவள் கண்ணும் அத்தகையது, அதனை மூடிவிடாதே என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். “அது சரி ஐயா. அந்தச் சலாபத்திலை குளிச்சவன்ரை கையிலை என்ன மிஞ்சினது?” என்றார்.

மூன்றில் ஒரு பங்கு என்று கணக்குச் சொல்வது அவ்வினாவுக்கு விடையாகாது. நான் வாளாவிருந்தேன். அப்போது பின்னே பூவரச மரத்தடியில் நின்ற மகள் வாய் திறந்தாள். “அம்மா, நீங்கள் இழைச்ச பெட்டி கொழும்புக் கடையிலை என்ன விலைக்குப் போகுது தெரியுமே? நாங்கள் குடுத்த விலையிலை எட்டு மடங்கு. இழைச்சவைக்கில்லை, அதின்ரை மாதிரியைக் கீறிக் குடுத்தவைக்குத்தான் காசு. அந்த மாதிரியைக் கீறப்போறது நானெண்டால்?”

தாயார் திரும்பியும் பாராது, “அங்கை போனாப்பிறகு நீ இஞ்சை வருவியோ?” என்றார்.

அதற்கு அவள் விடை கூறவில்லை. முத்தும் போயிற்று, வேரும் போயிற்று. திரும்பி வந்தவை பல அல்ல. விண்ணப்பத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. தந்தையாரோடு பேசவேண்டும் என்று தாயார் எழுந்தார். கொப்பியை வாங்கினவர், மூடுமுன் ஒரு பக்கத்திலே கண்ணை ஓட்டினார். அவர் இழைக்கும் பெட்டியின் பின்னலே அங்கே கீறப்பட்டிருந்தது. எதிர்ப்பக்கம் வெட்டி ஒட்டியது இத்தாலிய நாட்டுத் தோற்பை ஒன்று. சற்று நேரம் பார்த்தார். பின் நகத்தால் அக்கோடுகளைத் தட்டி,

“இது பிழை. இரண்டு மேலை, இரண்டு கீழை போகவேணும். நீ ஒன்று விட்டு ஒன்று கீறியிருக்கிறாய். இப்பிடி இழைச்சால் மூலை திரும்பாது. கொண்டா பென்சிலை” என்றார்.